மோயில்வ்ரெ கடல் மரபு மையம்: முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

வேல்ஸின் வடமேற்கில் உள்ள ஆங்கிள்சி தீவின் கிழக்குக் கரையில் மோயில்வ்ரெ என்ற சிறு மீனவக் கிராமம் இருக்கிறது. கிராமத்தின் வட விளிம்பில், கடலைப் பார்த்தபடி, ‘சீவாட்ச் சென்டர்’ என்ற மரபு மையம் இயங்குகிறது. கடலில் தத்தளிப்பவர்களை மீட்பதற்காக 1824-இல் தொடங்கப்பட்டு, இன்றும் பொதுமக்களின் நன்கொடையால் நடந்து வரும் ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காப்புப் படகு நிறுவனமே இதை நடத்துகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. அளவில் சிறிய மையம் என்பதால் பலர் அரை மணி நேரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு, வாசலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிச் செல்வது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. அந்த மையத்துக்குள் படிப்பவை எல்லாம் நடந்த இடங்கள், அதன் கதவைத் திறந்து வெளியே வந்தால் நடை தூரத்தில் அப்படியே இருக்கின்றன. எனவே ஒரு முழு நாளை ஒதுக்கி, முதலில் மையத்தையும் பிறகு கரையையும் கடைசியில் ஊருக்கு மேலே உள்ள தேவாலயத்தையும் அந்த வரிசையிலேயே பார்க்கும்படி இந்த வழிகாட்டியை அமைத்திருக்கிறேன்.

புறப்படுவதற்கு முன்

மையம் திறந்திருக்கும் நாட்களையும் நேரத்தையும் ஆர்.என்.எல்.ஐ.யின் இணையதளத்தில் பார்த்துக்கொண்ட பிறகே பயணச்சீட்டு எடுங்கள். இத்தகைய கிராம மையங்களில் தன்னார்வலர்கள் முறை வைத்துப் பணிபுரிவதால், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நேரங்கள் மாறும்; பெரிய நகரத்து அருங்காட்சியகங்களைப் போல ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தை எதிர்பார்க்க முடியாது. மே மாதம் முதல் செப்டம்பர் வரை சென்றால் பகல் நீண்டிருக்கும், பேருந்துகளும் வசதியாக இருக்கும், கரைப் பாதையிலும் சேறு குறைவாக இருக்கும்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது ஓத அட்டவணை. இந்தக் கரையில் பெரிய ஓத நாட்களில் கடல்மட்டம் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையிலான வேறுபாடு ஆறு மீட்டரையும் தாண்டும். நம் ஊர்க் கடற்கரைகளில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவில் இருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் மனத்தில் பதியாது. காலையில் காய்ந்து கிடந்த பாறைத்திட்டைப் பிற்பகலில் தண்ணீர் முழுவதுமாக மூடியிருக்கும். கடல் வற்றும் நேரத்தில் பாறைகளில் இறங்குவதும், ஏறத் தொடங்கியதும் மேலே வந்துவிடுவதும் இங்கே அடிப்படை ஒழுங்கு. கடலில் எவரேனும் ஆபத்தில் இருப்பதைக் கண்டால் நீங்கள் இறங்கிவிடாமல், 999 என்ற எண்ணை அழைத்துக் கடலோரக் காவல் பிரிவைக் கேளுங்கள்.

மூன்றாவது, வானிலை அறிவிப்பு. இதை வழக்கமான அறிவுரையாக எண்ணிக் கடந்துவிட வேண்டாம். நீங்கள் கைபேசியில் பார்க்கும் அந்த அறிவிப்பின் வரலாறு இந்தக் கிராமத்தின் கரையோடு நேரடியாகப் பிணைந்தது. 1859 அக்டோபர் 25, 26 ஆகிய இரு நாட்களில் வீசிய கடும்புயலில் பிரிட்டன் கரையெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் மூழ்கின. அவற்றுள் மிகப் பெரிய உயிரிழப்பு மோயில்வ்ரெக்கு அருகில், ‘ராயல் சார்ட்டர்’ என்ற கப்பலில் நேர்ந்தது. அப்போது பிரிட்டன் அரசின் வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய், புயல் நகர்ந்து வந்த வழியைத் தரவுகளிலிருந்து வரைந்து பார்த்து, தந்தி மூலம் துறைமுகங்களுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பியிருந்தால் பல உயிர்களைக் காத்திருக்கலாம் என்று வாதிட்டார். 1861-இல் புயல் எச்சரிக்கைச் சேவை தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று ‘டைம்ஸ்’ நாளிதழில் பொதுமக்களுக்கான முதல் வானிலை முன்னறிவிப்பு வெளிவந்தது.

வெயில் அடிக்கும் என்று அறிவிப்பு சொன்னாலும், காற்றும் மழையும் புகாத மேலாடையும் பிடிமானமுள்ள காலணியும் கட்டாயம் வேண்டும். குடையால் பயனில்லை; கரைக்காற்றில் அது நிற்காது.

சென்று சேரும் வழி

ரயிலில் வருபவர்கள் பேங்கர் நிலையத்தில் இறங்க வேண்டும். லண்டன் யூஸ்டனிலிருந்து ஹோலிஹெட் செல்லும் சில ரயில்கள் நேராக வருகின்றன. மற்ற நேரங்களில் குரூ அல்லது செஸ்டரில் மாற வேண்டியிருக்கும். பேங்கரிலிருந்து ஆம்லுக் செல்லும் 62 எண் பேருந்து மெனாய் நீரிணையைக் கடந்து பென்லெக் வழியாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகள் குறைவு என்பதால், திரும்பும் நேரத்தையும் சேர்த்து ‘டிராவலைன் கம்ரி’ தளத்தில் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது, Moelfre என்ற எழுத்தைப் பார்த்து நடுவில் ‘ஃப்’ என்று ஒலிக்காமல் ‘வ்’ என்று ஒலித்தால் உடனே புரிந்துகொள்வார்.

காரில் வருபவர்கள் ஏ55 நெடுஞ்சாலையில் பிரிட்டானியா பாலத்தைக் கடந்து ஏ5025 சாலையைப் பிடித்து, லானல்கோவில் உள்ள வட்டச்சந்தியில் ஏ5108-க்குத் திரும்ப வேண்டும். ஊருக்குள் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. வீட்டு வாசல்களிலும், படகுகளை இறக்கும் சரிவுகளிலும் எந்தக் காரணத்துக்காகவும் வண்டியை நிறுத்தக் கூடாது. அழைப்பு வந்தால் படகுக் குழுவினர் தங்கள் வேலையை அப்படியே விட்டு ஓடி வருவார்கள். அவர்களுடைய வழியில் ஒரு கார் நிற்பது ஓர் உயிரின் விலையாகிவிடலாம்.

கூழாங்கற்கள் நிறைந்த சிறு வளைகுடாவைச் சுற்றித்தான் ஊர் அமைந்திருக்கிறது. கடற்கரைக்கு மேலே ஒரு பெரிய நங்கூரம் வைக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அது 1959-இல் இங்கே உடைந்த ‘ஹிண்ட்லி’ என்ற சரக்குக் கப்பலின் நங்கூரம். அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் கதை மையத்துக்குள் வருகிறது. அங்கிருந்து கடலை வலப்புறம் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தால் பத்து நிமிடத்துக்குள் மையம் வந்துவிடும்.

மையத்துக்குள்

உள்ளே நுழைந்ததும் இருக்கும் தன்னார்வலருக்கு ‘போரே தா’ என்று காலை வணக்கம் சொல்லுங்கள். இந்தத் தீவில் வெல்ஷ் மொழி வீட்டிலும் கடையிலும் பள்ளியிலும் அன்றாடம் பேசப்படும் மொழி. அறிவிப்புகள் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஒரு வணக்கத்துக்கே அவர்கள் மகிழ்வதைக் காணலாம். விளக்கப் பலகைகளைப் படிக்கத் தொடங்கும் முன் அவரிடம் சிறிது பேசுவது நல்லது. இத்தகைய கிராம மையங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள் அல்லது கடலோடு தொடர்புள்ள குடும்பத்தினர். எந்தக் காட்சியை முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டால், பலகைகளில் இல்லாத செய்திகளும் கிடைக்கும்.

கூடத்தின் பெரும்பகுதியை நிறைத்து நிற்பது ‘பேர்ட்ஸ் ஐ’ என்ற உண்மையான உயிர்காப்புப் படகு. இது மோயில்வ்ரெயின் படகு அல்ல. வேல்ஸின் மேற்குக் கரையில் உள்ள நியூ கீ நிலையத்தில் 1970 முதல் 1990 வரை பணிபுரிந்தது. ஓக்லி வகையைச் சேர்ந்த, ஏறக்குறைய 11 மீட்டர் நீளமுள்ள மரப்படகு. இதன் சிறப்பைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், வண்ணத்தையும் பெயரையும் பார்த்து நகர்ந்துவிடாமல் அதன் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். படகு நிலைத்து மிதப்பதற்காக அடித்தொட்டியில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். அலை கவிழ்த்துவிட்டால் அந்த நீர் பக்கவாட்டுத் தொட்டிக்குப் பாய்ந்து, எடையை ஒருபுறமாகச் சாய்த்து, படகைச் சில நொடிகளில் தானாகவே நிமிர்த்திவிடும். தங்களைக் கவிழ்க்கவந்த தண்ணீரையே தங்களை நிமிர்த்தும் எடையாகப் பயன்படுத்திய அந்தப் பொறியியல் அறிவு, திறந்த தளத்தில் நனைந்தபடி நின்ற குழுவினருக்கு எவ்வளவு துணிவைத் தந்திருக்கும் என்பதைப் படகின் அருகில் நின்றுதான் உணர முடியும். குழந்தைகளுடன் செல்பவர்கள் இந்த இடத்தில் அவசரப்படுத்த வேண்டாம்.

அடுத்து இரண்டு கதைகளைத் தேடிப் படியுங்கள். மற்றவற்றுக்கு நேரம் இல்லாமல் போனாலும் இவ்விரண்டையும் விட்டுவிடக் கூடாது.

முதலாவது, ராயல் சார்ட்டர். நீராவியும் பாயும் கொண்ட இந்த இரும்புக் கப்பல், ஆஸ்திரேலியாவின் தங்க வயல்களில் உழைத்துச் சேர்த்த பொருளோடு ஊர் திரும்பியவர்களை ஏற்றிக்கொண்டு 1859 ஆகஸ்ட் 26 அன்று மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்குப் புறப்பட்டது. இரண்டு மாதப் பயணம் முடிய ஒரே இரவு மீதமிருந்தபோது, ஆங்கிள்சியின் வடமுனையைத் தாண்டியதும் புயலில் சிக்கியது. வழிகாட்டிப் படகை அழைக்க முயன்றும் பயனில்லை. நங்கூரம் பாய்ச்சினார்கள், நள்ளிரவுக்குப் பின் ஒரு சங்கிலி அறுந்தது, ஒரு மணி நேரத்தில் மற்றொன்றும் அறுந்தது. முதலில் மணலில் தட்டிய கப்பலை, ஏறிவந்த ஓதம் பாறைகள்மேல் தூக்கி எறிந்தது. கரை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஜோசப் ராஜர்ஸ் என்று அறியப்பட்ட மால்டா நாட்டு மாலுமி ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்த அலைகளில் நீந்திக் கரை சேர்ந்தார். ஊர் ஆண்கள் 28 பேர் கைகோத்துக் கடலுக்குள் நின்று தப்பியவர்களை இழுத்தார்கள். ஏறக்குறைய 450 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் நாற்பது பேர் அளவில்தான். பெண்களிலோ குழந்தைகளிலோ ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பயணிகளின் முழுப் பட்டியலும் கப்பலோடு அழிந்துவிட்டதால், இறந்தவர்களின் சரியான எண்ணிக்கை இன்றுவரை தெரியாது.

இரண்டாவது கதை, சரியாக நூறு ஆண்டுகளும் ஒரு நாளும் கழித்து, 1959 அக்டோபர் 27 அன்று அதே கரையில் நடந்தது. நங்கூரம் பிடிக்காமல் பாறைகளை நோக்கி இழுக்கப்பட்ட ஹிண்ட்லி கப்பலில் எட்டுப் பேர் இருந்தார்கள். மோயில்வ்ரெயின் வழக்கமான படகு அங்கே இல்லை. மாற்றுப் படகுதான் இருந்தது. முழுக் குழுவும் வந்து சேர முடியாத நிலையில், படகுத் தலைவர் ரிச்சர்ட் எவன்ஸ் தம்மையும் சேர்த்து ஐந்தே பேரோடு கடலில் இறங்கினார். மணிக்கு 160 கிலோமீட்டரை எட்டிய காற்றில், சுழன்றுகொண்டிருந்த கப்பல் விசிறிக்கு அருகே, பத்து முறை படகைக் கொண்டுபோய் எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகக் குதிக்கச் செய்து மீட்டார். சிறிது நேரத்தில் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. இதற்காக ஆர்.என்.எல்.ஐ.யின் உயரிய விருதான தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1966 டிசம்பரில் ‘நஃப்சிபோரோஸ்’ என்ற கிரேக்கக் கப்பலின் மாலுமிகளை மீட்டதற்காக, 61 வயதில், இரண்டாவது தங்கப் பதக்கத்தையும் பெற்றார்.

இவ்விரு கதைகளையும் இதே வரிசையில் படிப்பது முக்கியம். ஒரே கரை, ஒரே திசைக் காற்று, ஒரே மாதம். இடைப்பட்ட நூறு ஆண்டுகளில் இந்த ஊர் எதைக் கட்டி எழுப்பியது என்பது அப்போதுதான் விளங்கும்.

வெளியேறும் முன் நன்கொடைப் பெட்டியில் இயன்றதைப் போடுங்கள். மையத்தில் உள்ள கடையில் ஒரு பொருளை வாங்கினாலும் அந்தப் பணம் படகுகளுக்கே போகிறது. கட்டணமில்லாமல் உள்ளே விட்டவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமையாகவே இதைக் கருதுகிறேன்.

சிலையும் படகு நிலையமும்

மையத்துக்கு வெளியே, சுக்கானைப் பிடித்தபடி கடலை நோக்கி நிற்கும் ரிச்சர்ட் எவன்ஸின் வெண்கலச் சிலை 2004-இல் திறந்து வைக்கப்பட்டது. உள்ளே கதையைப் படித்த பிறகு பார்ப்பதால்தான் சிலைக்குப் பொருள் கிடைக்கிறது; எனவே முதலில் படம் எடுக்கும் ஆவலைச் சற்று அடக்கிக்கொள்ளுங்கள்.

சில நிமிட நடையில் இன்றைய படகு நிலையம் இருக்கிறது. ‘கீவி’ என்ற டாமர் வகைப் படகு 2013 முதல் இங்கே பணியில் உள்ளது. 16 மீட்டர் நீளமும் மணிக்கு 25 கடல்மைல் வேகமும் கொண்டது. குழுவினர் மூடிய அறையில், அதிர்ச்சி தாங்கும் இருக்கைகளில் அமர்ந்து செல்கிறார்கள். சற்று முன் பார்த்த மரப்படகை மனத்தில் வைத்து இதைப் பாருங்கள். இது பணியில் உள்ள நிலையம் என்பதால், பார்வையாளரை அனுமதிக்கும் நேரங்களில் மட்டும், அழைத்தால் மட்டுமே உள்ளே செல்ல வேண்டும்.

கப்பல் உடைந்த இடத்துக்கு

நிலையத்தைத் தாண்டி வடக்கே செல்லும் பாதை, தீவைச் சுற்றி வரும் ஆங்கிள்சி கரைப் பாதையின் ஒரு பகுதி. 2012-இல் திறக்கப்பட்ட, ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் நீளமுள்ள வேல்ஸ் கரைப் பாதையும் இதுவே. கரைக்கு எதிரே தெரியும் சிறு தீவில் நீர்க்காகங்கள் கூட்டமாக அமர்ந்திருக்கும். பொறுமையாகப் பார்த்தால் கடல்நாய்களின் தலைகளும் தெரியலாம். மேய்ச்சல் நிலங்களின் ஓரமாகப் பாதை போவதால், வழியில் வரும் வாயில்களைத் திறந்தபடி விட்டுவிடக் கூடாது. ஆடுகளுக்கு அருகில் நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும்.

இருபது நிமிட நடையில் ராயல் சார்ட்டரின் நினைவுக்கல் வரும். கீழே தட்டுத் தட்டாக இறங்கும் சுண்ணாம்புப் பாறைகளில்தான் கப்பல் இரண்டாகப் பிளந்தது. அமைதியான நாளில் இந்த இடம் தரும் வியப்பு, கடலுக்கும் கரைக்கும் உள்ள தூரம் எவ்வளவு குறைவு என்பதுதான். நீந்தத் தெரிந்தவர்கள் சில நிமிடங்களில் கடந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அன்றிரவு இறந்தவர்களில் பலர் நீரில் மூழ்கி இறக்கவில்லை. அலைகள் அவர்களை இந்தத் தட்டுப் பாறைகளில் மோதின. பாறை விளிம்புக்கு இறங்குவது அவசியமில்லை. மேலிருந்தே எல்லாம் தெரியும். ஈரமான நாளில் அங்கே கால் வழுக்கும்.

தங்கம் தேடுபவர்கள் இன்றும் இங்கே வருகிறார்கள். கப்பலில் அன்றைய மதிப்பில் மூன்று லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட தங்கம் இருந்தது, பெரும்பகுதி மீட்கப்பட்டுவிட்டது. உடைந்த கப்பலைச் சேர்ந்த எந்தப் பொருளைக் கண்டெடுத்தாலும் 28 நாட்களுக்குள் அதற்கான அரசு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்பது பிரிட்டன் சட்டம். ஆணி ஒன்றாயினும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

லிக்வி கரை வழியாக மேலேறுதல்

நடக்க வலுவுள்ளவர்கள் பாதையிலேயே தொடர்ந்து லிக்வி என்ற அகன்ற மணற்கரைக்குச் சென்று, அங்கிருந்து உள்நோக்கிப் போகும் குறுகிய சாலையில் ஏறலாம். வழியில் வேல்ஸ் அரசின் தொல்லியல் துறையான காடுவின் பராமரிப்பில் மூன்று தொன்மை இடங்கள் உள்ளன, கட்டணமில்லை. 12-ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயத்தின் கூரையற்ற சுவர்கள், அதன் அருகே மரங்களுக்கிடையே ரோமானியர் ஆட்சிக் காலத்தின் பிற்பகுதியில் மக்கள் வாழ்ந்த டின் லிக்வி குடியிருப்பின் கற்சுவர்கள், சாலையில் மேலும் சற்றுத் தெற்கே ஏறத்தாழ 25 டன் எடையுள்ள மூடுகல்லைத் தாங்கிய புதிய கற்கால ஈமக் கல்லறை என்ற வரிசையில் அவை வரும். இவற்றைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே கடல் கதையிலிருந்து விலக விரும்பவில்லை. சாலையில் நடைபாதை இல்லாததால் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாக நடக்க வேண்டும்.

லானல்கோ தேவாலயம்

அந்தச் சாலை லானல்கோவில் முடியும். அங்கே புனித கால்கோ தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ராயல் சார்ட்டரில் இறந்தவர்களில் ஏறக்குறைய 140 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கான நினைவுத்தூணும் உள்ளது. அன்று இங்கே பாதிரியாராக இருந்தவர் ஸ்டீவன் ரூஸ் ஹியூஸ். கரையில் ஒதுங்கிய உடல்களைத் தேவாலயத்துக்குள்ளேயே கிடத்தி, ஆடையில் இருந்த முதலெழுத்து, மோதிரம், தழும்பு என்று ஒவ்வோர் அடையாளத்தையும் குறித்துவைத்தார். உறவினர்கள் எழுதிய கடிதங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களை எழுதினார். தேடி வந்தவர்களுக்குத் தம் வீட்டிலேயே தங்க இடம் கொடுத்தார். செய்தி அறிந்து அந்த ஆண்டின் இறுதியில் நேரில் வந்த சார்லஸ் டிக்கன்ஸ், புயலைவிட இந்த மனிதரின் பணியைப் பற்றியே விரிவாக எழுதினார். ஹியூஸ் 1862-இல் காலமானார்; அவருடைய கல்லறையும் இதே தோட்டத்தில் இருக்கிறது. மீட்புப் பணி என்றால் படகும் கயிறும் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த இடத்தை நாளின் பகுதியாகச் சேர்க்கும்படி வற்புறுத்துகிறேன்.

தேவாலயத்தின் கதவு பூட்டியிருக்கக்கூடும். கல்லறைத் தோட்டத்தைப் பார்ப்பதற்கு அது தடையல்ல. வழிபாடோ இறுதிச்சடங்கோ நடக்கும் நேரமாயின் வெளியே காத்திருங்கள். இன்னும் இங்கே ஊர் மக்கள் அடக்கம் செய்யப்படுவதால், கல்லறைகளின் மேல் சாய்ந்தோ அமர்ந்தோ படம் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

நேரமும் உடல்நிலையும் குறைவாக உள்ளவர்களுக்கு

முழுச் சுற்றும் எட்டு கிலோமீட்டர் அளவில் வரும்; நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்து மணி நேரமாவது வேண்டும். அரை நாள் மட்டுமே இருந்தால் மையம், சிலை, நினைவுக்கல் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு வந்த வழியே ஊருக்குத் திரும்பலாம். முதியவர்களோ தள்ளுவண்டிக் குழந்தையோ உடன் இருந்தால், மேடுபள்ளமும் குறுகிய வாயில்களும் உள்ள கரைப் பாதையை விட்டுவிட்டு, மையத்தைப் பார்த்தபின் காரிலேயே லானல்கோவுக்கு ஏறிவிடுவது நல்லது. கையில் சிற்றுண்டியும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையை ஒட்டி உணவகங்கள் இருந்தாலும் பருவம் தவறிய நாட்களில் அவை முன்னதாகவே மூடிவிடும். பேருந்தில் திரும்புபவர்கள் கடைசிப் பேருந்துக்கு முந்தைய பேருந்தையே இலக்காக வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்குக் கால் மணி முன்பாக நிறுத்தத்தில் இருங்கள்.